உதிர்ந்த முடியில் நிற்கும் சடை

உதிர்ந்த நீளமுடி ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வையுங்கள். விரல்களை முடியின் நீளவாக்கில் முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். முடி ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். திருப்பிப் பிடித்துத் தேய்த்தால் மறுபக்கம் போகும். எப்படிப் பிடித்தாலும் வேர்முனைதான் முன்னால் போகும்.

ஓட்டுவீட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருப்பதுபோல, முடியின் மேல்பரப்பில் கெரட்டின் என்கிற புரதத்தாலான செதில்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒரு செதிலின் தடிமன் சுமார் அரை மைக்ரான். எல்லாச் செதில்களின் விளிம்பும் நுனிப்பக்கம் பார்த்திருப்பதால், வேரிலிருந்து நுனிக்குத் தடவினால் வழுக்கும், எதிர்த்துத் தடவினால் சொரசொரக்கும். ஒரு முடி இன்னொன்றுக்குள் நுழைந்துவிட்டால் திரும்பி வரச் செதில் விடாது. செம்மறியாட்டு ரோமத்தை நனைத்துக் கசக்கினால் கெட்டித் துணியாக இறுகிப்போவது இதனால்தான். ட்ரெட்லாக்ஸ் என்கிற சடையும் அப்படித் தலையிலேயே இறுகிய கயிறுதான்.

உலகம் முழுக்க இதைத் தெரியவைத்தவர்கள் ஜமைக்காவின் ரஸ்தஃபாரிகள். 1930-இல் ஹெய்லி செலாசி எத்தியோப்பியாவின் பேரரசராக முடிசூடியதை ஒட்டி உருவான சமயம் அது. விவிலியத்தின் எண்ணாகமம் 6-ஆம் அதிகாரம் சொல்லும் நசரேய விரதத்தைக் காட்டி, கத்தியும் சீப்பும் படாமல் முடியை விட்டார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினரின் முடி குறுக்குவெட்டில் நீள்வட்டமாகவும் நெருக்கமான சுருளாகவும் இருக்கும். சுருளுக்குள் சுருள் தானாக மாட்டிக்கொள்ளும். நேர்முடியும் சடை பிடிக்கும், நம் ஊர்ச் சாமியார்களைப் பார்த்தாலே தெரியும். ஆனால் நாள் பிடிக்கும்.

தலைக்குக் குளிக்காமல் விட்டால்தான் சடை நன்றாகப் பிடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மை நேர் எதிர். தலையில் சுரக்கும் எண்ணெய் செதில்களுக்கு இடையே மசகுபோல வேலை செய்யும். எண்ணெய்ப் பசை போன, சுத்தமான முடிதான் ஒன்றையொன்று இறுகப் பிடிக்கும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி. அதில் 100 சடை என்றால் ஒரு சடைக்கு ஆயிரம் முடி. ஒரு நாளில் 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் இயல்பு. சீப்பால் வாருகிறவர்களுக்கு அது தரையில் விழும். சடைக்காரர்களுக்கு விழ வழியில்லை, சடைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஒரு சடைக்கு ஆண்டுக்கு 200, 300 முடி இப்படிச் சேரும். அதனால் வயதான சடையின் நடுப்பகுதியில் தலையோடு தொடர்பே இல்லாத முடி ஏராளமாக இருக்கும். தலையை ஒட்டிய வேர்ப்பக்கத்திலோ உயிரோடு ஒட்டியிருக்கும் முடி மட்டும்தான். மேலே மெலிந்த காம்பு, கீழே கனத்த காய். சடை பெரும்பாலும் தலைக்குப் பக்கத்தில் இற்றுப்போவது இதனால்தான். பராமரிப்பு முழுக்க அந்தக் காம்பைச் சுற்றியே நடக்கிறது.

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். அந்தப் புதுவளர்ச்சி சடை பிடிக்காமல் தளர்வாக நிற்கும். அதைச் சேர்க்க எளிய வழி, விளக்குத்திரி திரிப்பதுபோல உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுவது. இன்னொரு வழி, சடையின் நுனியை வேர்ப்பகுதியின் நடுவே கொக்கி ஊசியால் இழுத்து எடுப்பது. இதில் ஒவ்வொரு முறையும் நுழைக்கும் திசையை மாற்ற வேண்டும். ஒரே திசையில் இழுத்துக்கொண்டே இருந்தால் வேர் இரண்டாகப் பிளந்து நடுவே ஓட்டை விழும். மாதம் ஒருமுறைக்கு மேல் இதைச் செய்யத் தேவையே இல்லை. கண்ணாடி முன்னால் நின்றதும் கை பரபரக்கும், அதை அடக்குவதுதான் கஷ்டம். அடிக்கடி இறுக்கினால் வேர்ப்பை வீங்கிச் சின்னச் சின்னப் பருக்கள் வரும், நெற்றியோரம் முடி ஏறத் தொடங்கும். இழுவை தொடர்ந்தால் வேர்ப்பையில் தழும்பு விழுந்து, அப்புறம் அங்கே முடி முளைக்காது.

மெழுகு மட்டும் வேண்டாம். தேன்மெழுகு உருகுவது 62 டிகிரி செல்சியஸுக்கு மேல். அந்தச் சூட்டில் தண்ணீரை ஊற்றினால் தலைத்தோல் வெந்துவிடும், அதற்குக் குறைந்த சூட்டில் மெழுகு போகாது. உள்ளே போனது போனதுதான், தூசியையும் சேர்த்துப் பிடித்துவைக்கும். சீயக்காய்த் தூளும் சடைக்கு ஆகாது, திப்பி உள்ளே மாட்டிக்கொள்ளும். ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரில் கட்டி சோப்புப் போட்டால், தண்ணீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைக் கசடாகத் திரியும். ஷாம்பு அப்படித் திரியாது. பிழியும் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள்.

முடி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை உள்ளே இழுக்கும். சடையின் வெளிப்பக்கம் காய்ந்தாலும் நடுப்பகுதி பல மணி நேரம் ஈரமாகவே இருக்கும். ஈரத்தோடு படுத்தால் பூஞ்சை பிடித்து, மழைக்காலத்துத் துணி மூட்டைபோல ஒரு வாடை கிளம்பும். காலையில் குளித்து, துண்டால் பிழிந்து, மின்விசிறியடியில் உட்காருங்கள்.

சரி, இற்றுப்போன சடையை என்ன செய்வது? என் தம்பி சடையில் நான் முதலில் செய்தது தப்பு. அம்மாவின் பின்னல் ஊசியை எடுத்துக் குத்தித் தள்ளினேன். ஊசி தடிமனாக இருந்ததால் முடி மடிந்து முறிந்து, இருந்த பிடிப்பும் போனது. வேண்டியது அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய கொக்கி ஊசி. அதோடு கொஞ்சம் உதிர்முடி.

சடையிலிருந்து அறுந்து விழுந்த துண்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் சவுரிக்குப் பாட்டிமார் சேர்த்துவைத்ததுபோல, சீப்பில் வந்த முடி உருண்டை. கோயிலில் மொட்டை போட்ட முடி, வேர் ஒரு பக்கம் நுனி ஒரு பக்கம் என்று ஒழுங்காக இருப்பதால் விலை அதிகம். சீப்புமுடியில் வேரும் நுனியும் கலந்து கிடக்கும், எதிரெதிர்ச் செதில்கள் பின்னிக்கொண்டே இருக்கும். டோப்பா செய்கிறவர்கள் அமிலத்தில் போட்டுச் செதிலையே நீக்குவது அந்தத் தொல்லையால்தான். சடைக்கு அந்தத் தொல்லைதான் பிடிமானம்.

உதிர்முடியைப் பஞ்சுபோலப் பிரித்து, மெலிந்த இடத்துக்கு மேலும் கீழும் இரண்டு சென்டிமீட்டர் தாண்டும்படி சுற்றுங்கள். ஊசியை எல்லாப் பக்கமும் மாற்றி மாற்றி, குறுக்கே மட்டும் நுழைத்து, ஒருமுறைக்கு இரண்டு மூன்று முடியாக இழுங்கள். ‘டிக்’ என்று சத்தம் கேட்டால் நல்ல முடி ஒன்று முறிந்திருக்கிறது, வேகத்தைக் குறையுங்கள். முடி காய்ந்திருக்க வேண்டும், ஈரத்தில் அது எளிதாக நீண்டு அறுந்துவிடும். மெலிவு தலையை ஒட்டியே இருந்தால் இந்த ஒட்டு நிற்காது. பக்கத்துச் சடையோடு வேரில் சேர்த்துவிடுங்கள், இரண்டு காம்பும் சேர்ந்து பாரம் தாங்கும். தம்பிக்கு இப்படி இடதுகாதுக்கு மேல் இரண்டு சடை ஒன்றாகிவிட்டது. தலைத்தோல் வழுவழுவென்று தெரிகிற இடத்தில் நான் ஊசியே வைப்பதில்லை, தோல் மருத்துவரிடம்தான் அனுப்பினேன்.