ஒரே நாவல், இரண்டு தீர்ப்புகள்: தொடரின் கடைசியில் வாசகர்கள் ஏன் பிரிகிறார்கள்?

2013 மே மாதம் அமெரிக்க எழுத்தாளர் சார்லைன் ஹாரிஸ் எழுதிய 'டெட் எவர் ஆஃப்டர்' வெளிவந்தது. சூக்கி ஸ்டாக்ஹவுஸ் என்ற பெண்ணை மையமாக வைத்து 2001இல் தொடங்கிய ரத்தக்காட்டேரி நாவல் வரிசையில் அது பதின்மூன்றாவது புத்தகம், கடைசிப் புத்தகமும்கூட. வாசகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். கதை போகவேண்டிய இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று ஒரு தரப்பு நிம்மதி அடைந்தது. இத்தனை வருடம் கூடவே வந்தவர்களை ஆசிரியர் கைவிட்டுவிட்டார் என்று இன்னொரு தரப்பு கொதித்தது.

ரசனைக்கு ரசனை வேறுபடும், அவ்வளவுதான் என்று இதை ஒதுக்கிவிடலாம். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. ரசனைதான் காரணம் என்றால் முதல் புத்தகத்திலேயே இவர்கள் பிரிந்திருக்க வேண்டுமே. ஒரே தொடரைப் பன்னிரண்டு புத்தகங்கள் வரை ஆசையாகப் படித்தவர்கள் பதின்மூன்றாவதில் எதிரெதிராக நிற்கிறார்கள் என்றால் அதற்கு வேறு காரணம் இருக்கவேண்டும். உளவியல் ஆய்வுகளை வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்தக் கட்டத்தில் அவர்கள் கையில் இருந்தது ஒரே அச்சுப் பிரதி, மனதில் இருந்தது ஒரே நாவல் அல்ல.

கதையின் முடிவைச் சொல்லாமல் இதை விளக்க வழியில்லை. இந்த வரிசையை இனிமேல்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சூக்கி அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், பான் டான் என்ற கற்பனையான சிற்றூரில் ஒரு மதுக்கடையில் பரிமாறும் வேலை பார்க்கிறாள். அடுத்தவர் மனதில் ஓடுவதெல்லாம் அவள் காதில் விழும். ஜப்பானியர்கள் செயற்கை ரத்தம் தயாரித்துவிட்டதால் ரத்தக்காட்டேரிகள் தங்களை வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு மனிதர்கள் நடுவே வாழும் உலகம் அது. அவர்களுடைய மனம் மட்டும் அவளுக்குக் கேட்பதில்லை. அந்த அமைதிதான் அவளை முதலில் பில் என்ற ரத்தக்காட்டேரியிடம் ஈர்க்கிறது. அப்புறம் எரிக் வருகிறான். அவனும் ரத்தக்காட்டேரிதான், ஆயிரம் வருடத்துக்கு முன் வட ஐரோப்பாவில் வைக்கிங் வீரனாக இருந்தவன். மதுக்கடையின் முதலாளி சாம், விலங்காக உருமாறக்கூடியவன், முதல் புத்தகத்திலிருந்தே பக்கத்தில் இருக்கிறான். கடைசி நாவலில் எரிக் ஓர் ஒப்பந்தத்தால் ஓக்லஹோமா மாநிலத்தின் ரத்தக்காட்டேரி ராணியோடு போக நேர்கிறது. சூக்கி சாமோடு சேர்கிறாள்.

இனி அந்த வாசகர்களின் மனதுக்குள் நடந்ததைப் பார்ப்போம்.

1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் என்ற இரண்டு அமெரிக்கக் கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) அணிகள் மோதின. முரட்டுத்தனமான ஆட்டம். பிரின்ஸ்டனின் நட்சத்திர வீரருக்கு மூக்கு உடைந்தது. டார்ட்மவுத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃப், ஹேட்லி கேன்ட்ரில் என்ற இரண்டு உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரண்டு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மவுத் அணி செய்த தவறுகள் என்று டார்ட்மவுத் மாணவர்கள் எண்ணியதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலாகப் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். 1954இல் வெளியான அந்தக் கட்டுரை வந்த முடிவு முக்கியமானது. எல்லோரும் ஒரே ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வேறுவேறு அபிப்பிராயம் சொன்னார்கள் என்று அவர்கள் கருதவில்லை. பார்த்த ஆட்டமே வேறுவேறு என்றார்கள். எதைக் கவனிப்பது, எதை விட்டுவிடுவது என்பதைப் பார்ப்பவரின் பற்று முன்கூட்டியே தேர்ந்தெடுத்துவிடுகிறது.

எரிக்கின் பக்கம் நின்ற வாசகரும் சாமின் பக்கம் நின்றவரும் இப்படித்தான் படிக்கிறார்கள். பன்னிரண்டாவது புத்தகத்தின் முடிவில் சாம் உயிரை இழக்கிறான். தன்னிடம் இருக்கும், ஒரே ஒரு வரம் தரக்கூடிய மாயப்பொருளைச் சூக்கி அவனை மீட்கப் பயன்படுத்துகிறாள். சாமின் பக்கம் இருப்பவருக்கு இது காதலின் வெளிப்படையான அறிவிப்பு. எரிக்கின் பக்கம் இருப்பவருக்கு, கண்முன்னே சாகும் நண்பனைக் காப்பாற்றும் செயல்; காதலைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. இருவரும் பொய் சொல்லவில்லை. அந்தக் காட்சி இரண்டு வாசிப்புக்கும் இடம் கொடுக்கிறது.

இப்படி இடம் கொடுப்பது எழுத்தின் குறையல்ல, கதை என்ற வடிவம் வேலை செய்யும் முறையே அதுதான். ஜெர்மானிய இலக்கிய அறிஞர் வோல்ஃப்கேங் ஈசர் 1970களில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். எந்தக் கதையும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. அங்கங்கே இடைவெளிகள் விழுகின்றன. வாசகர் தன் கற்பனையால் அவற்றை நிரப்பிக்கொண்டே போகிறார். கோலப் புள்ளிகளை ஆளுக்கு ஒரு விதமாக இழுத்து இணைப்பதுபோல.

சூக்கி கதைகள் ஏறக்குறைய முழுவதும் அவளே சொல்வதாக எழுதப்பட்டவை. எரிக்கின் மனம் அவளுக்கே கேட்காது, நமக்கு எங்கே கேட்கப்போகிறது? நான்காவது புத்தகத்தில் ஒரு மந்திரத்தால் நினைவிழந்த எரிக், சூக்கியின் வீட்டில் ஒளிந்து வாழ்கிறான். அதிகாரமும் திமிரும் உதிர்ந்துபோய் மென்மையானவனாக, அன்பானவனாக இருக்கிறான். மந்திரம் விலகியதும் அந்த நாட்கள் அவனுக்கு மறந்துபோகின்றன. அப்படியானால் உண்மையான எரிக் யார்? கவசம் கழன்றபோது தெரிந்தவனா, அல்லது கவசத்தோடு இருப்பவனா? முதல் விடையைத் தேர்ந்த வாசகர், அடுத்த ஒன்பது புத்தகங்களிலும் அந்த மென்மையானவன் திரும்பி வருவதற்குக் காத்திருந்தார். இரண்டாம் விடையைத் தேர்ந்தவருக்கு அவன் கடைசியில் விலகிப்போனது இயல்பாகவே பட்டது. இந்த ஒரு இடைவெளியே ஒரு தொடரை இரண்டாகப் பிளக்கப் போதும் என்று நினைக்கிறேன்.

ஒற்றை நாவலில் இந்த இடைவெளிகள் சில நாட்களில் மூடிவிடும். தொடரில் நிலைமை வேறு. ஒரு புத்தகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏறக்குறைய ஒரு வருடம் கிடக்கிறது. அந்த வருடம் முழுக்க வாசகரின் நினைவு சும்மா இருப்பதில்லை.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் பேய்க்கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்குப் படிக்கக் கொடுத்து, பல கால இடைவெளிகளில் திரும்பச் சொல்லச் சொன்னார். கதை ஒவ்வொரு தடவையும் சுருங்கியது; புரியாத விவரங்கள் உதிர்ந்தன. சிறு ஓடம் சாதாரணப் படகானது, கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பானது. சொன்னவர்களுக்குத் தாங்கள் மாற்றுகிறோம் என்ற உணர்வே இல்லை. நினைவு என்பது எடுத்துவைத்த பொருளை அப்படியே வெளியே எடுப்பது அல்ல. ஒவ்வொரு தடவையும் நமக்குப் பழகிய வார்ப்பில் புதிதாகக் கட்டுவது. பன்னிரண்டு வருடம் இப்படிக் கட்டிக்கட்டி, ஒவ்வொருவரிடமும் தனக்கென ஒரு சூக்கி உருவாகிவிடுகிறாள். பதின்மூன்றாவது புத்தகத்தில் அவள் எடுக்கும் முடிவு, அந்தச் சொந்தச் சூக்கியின் குணத்துக்குப் பொருந்தவில்லை என்றால், பாத்திரத்தையே ஆசிரியர் மாற்றிவிட்டார் என்று தோன்றும். அந்தக் குற்றச்சாட்டு மனதார வருவது.

ஏமாற்றம் ஏன் அவ்வளவு கூர்மையாக வலிக்கிறது என்பதற்கு மூளையிலிருந்து ஒரு குறிப்பு கிடைக்கிறது. நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், குரங்குகளின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளை வெளியிடும் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவுசெய்தார். எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு கிடைத்தால் அந்த அணுக்கள் சட்டென வேகமாகத் துடித்தன. ஒரு விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, விளக்கு எரியும்போதே துடிப்பு கூடியது. சாறு வந்தபோது எந்த மாற்றமும் இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வரவேண்டிய அதே நொடியில் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே சரிந்தது. 1997இல் பீட்டர் டயான், ரீட் மான்டேகு ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை இதை 'எதிர்பார்ப்புப் பிழை' என்ற கணக்காக விளக்கியது. கிடைத்தது எவ்வளவு என்பதை அல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அந்த அணுக்கள் தெரிவிக்கின்றன.

குரங்குக்குக் கிடைக்கும் பழச்சாறும் நாவலின் முடிவும் ஒன்றல்ல, அதை மறக்கக்கூடாது. ஆனாலும் கணக்கின் வடிவம் பொருந்துகிறது. இதே நாவல் தொடரில் சேராத தனிக்கதையாக வந்திருந்தால் பலருக்குப் பரவாயில்லை என்ற அளவில் இருந்திருக்கும். எரிக்கை எதிர்பார்த்தவருக்கு அது சராசரி நாவலைவிடக் கீழே விழுகிறது; சாமை எதிர்பார்த்தவருக்குப் பல வருடம் கழித்து வந்துசேர்ந்த பரிசாகிறது.

இழப்பு என்று ஒன்றும் இதில் உண்டு, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் இருவரும் 1956இல், வானொலி, தொலைக்காட்சி, திரைப்பட முகங்களோடு மக்கள் வளர்த்துக்கொள்ளும் ஒருதலையான நெருக்கத்தைப் பற்றி எழுதினார்கள். பிற்பாடு இந்தக் கருத்து கதாபாத்திரங்களுக்கும் விரிந்தது. 2004இல் ஜோனதன் கோஹன், பிடித்த தொலைக்காட்சிப் பாத்திரம் திரையிலிருந்து போய்விட்டால் எப்படி உணர்வீர்கள் என்று இஸ்ரேலியப் பார்வையாளர்களிடம் கேட்டு ஆராய்ந்தார். பாத்திரத்தோடு நெருக்கம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு வருத்தத்தை எதிர்பார்த்தார்கள். நிஜ உறவுகளில் கைவிடப்படுவோமோ என்ற பதற்றம் உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக வருந்துவோம் என்றார்கள். கடைசி நாவலில் வாசகருக்கு இரண்டு பிரிவுகள் ஒன்றாக வருகின்றன. தொடர் முடிகிறது, எரிக்கை விரும்பியவருக்கு எரிக்கும் போகிறான். அவர்கள் கோபத்தை 'வெறும் கதைதானே' என்று தட்டிவிடுவது, அந்த உறவு மனதில் எப்படி உருவாகிறது என்று தெரியாமல் பேசுவது.

சரி, இவையெல்லாம் ஒவ்வொருவர் மனதுக்குள்ளும் நடப்பவை. நடுநிலைக் கருத்துகள் காணாமல்போவதற்குக் கூட்டத்தின் கணக்கு காரணம்.

முதலில் யார் மிஞ்சுகிறார்கள் என்று பாருங்கள். தொடர் சுமார் என்று நினைத்தவர்கள் மூன்றாவதிலோ ஐந்தாவதிலோ சத்தமில்லாமல் விலகியிருப்பார்கள். பதின்மூன்றாவது வரை வருபவர்கள் ஆழமாக ஈடுபட்டவர்கள். அவர்களிலும் கருத்தை எழுத்தில் பதிவுசெய்பவர்கள் யார்? நன் ஹூ, பால் பாவ்லூ, ஜி ஜாங் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2009இல் எழுதிய கட்டுரையில், பொருட்களுக்கு மக்கள் தரும் மதிப்பெண்கள் இரண்டு ஓரங்களிலும் குவிந்து நடுவில் குழிவதைக் காட்டினார்கள். மிகவும் பிடித்தவர்களும் மிகவும் வெறுத்தவர்களும் எழுதுகிறார்கள். ஏதோ பரவாயில்லை என்று நினைப்பவர் பேனாவை எடுப்பதே இல்லை. ஆகவே கடைசி நாவலுக்கு விழும் ஒற்றை நட்சத்திரங்களை, இந்த வகைக் கதையே பிடிக்காதவர்கள் போட்டதாக எண்ணக்கூடாது. பெரும்பாலும் அவை அந்தத் தொடரை நேசித்தவர்கள் போட்டவையாகத்தான் இருக்கும்.

பிரிந்தவர்கள் தங்களுக்குள் பேசப்பேசப் பிளவு இன்னும் அகலும். 1969இல் செர்ஜ் மொஸ்கோவிசி, மரிசா ஸவல்லோனி இருவரும் பிரெஞ்சு மாணவர்களைக் குழுவாக விவாதிக்கவைத்தார்கள். அதிபர் டிகாலைப் பற்றி முன்பே நல்ல எண்ணம் வைத்திருந்தவர்களுக்கு விவாதத்துக்குப் பின் அது இன்னும் கூடியது. அமெரிக்கர்களைப் பற்றி இருந்த கசப்பும் அப்படியே கூடியது. ஒத்த கருத்துள்ளவர்கள் கூடினால் ஆளுக்கு ஒரு புதிய காரணம் கொண்டுவருகிறார்கள், எல்லாக் காரணமும் ஒரே பக்கம் சேர்கிறது.

ஹாரிஸின் நாவலுக்கு இன்னொரு சோதனையும் நேர்ந்தது. வெளிவருவதற்கு முன்பே முடிவு கசிந்துவிட்டது. முடிவு தெரிந்தால் கதையின் ருசி கெடும் என்றுதான் நாம் நம்புகிறோம். ஜோனதன் லெவிட், நிக்கோலஸ் கிறிஸ்டென்ஃபெல்ட் 2011இல் வெளியிட்ட சோதனையில், சிறுகதையின் முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டவர்கள் சற்று அதிகமாகவே ரசித்தார்கள். ஆனால் அவர்கள் அந்தப் பாத்திரங்களை அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தார்கள். இழக்க அவர்களிடம் எதுவும் இல்லை. பன்னிரண்டு புத்தகங்களின் பற்றோடு இருப்பவரிடம் முடிவு முன்பே வந்து சேரும்போது, அவர் நாவலைத் தீர்ப்போடு திறக்கிறார். ஒவ்வொரு பக்கமும் அந்தத் தீர்ப்புக்குச் சாட்சியாகிறது. மறுபடி டார்ட்மவுத் படச்சுருள்தான்.

அதே 2013இன் பிற்பகுதியில் ஹாரிஸ் 'ஆஃப்டர் டெட்' என்று ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். தொடரில் வந்த பாத்திரங்களுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று அகரவரிசையில், பெயர் பெயராகச் சொல்லும் புத்தகம். விட்டுப்போன கேள்விகளுக்கு விடை தேடியவர்களுக்கு அது ஒரு நல்லெண்ணச் செயல். ஆனால் எரிக் ஒருநாள் ஒப்பந்தத்தை முறித்துத் திரும்புவான் என்று தனக்குள் பதினான்காவது புத்தகத்தை எழுதத் தொடங்கியிருந்த வாசகருக்கு, மிச்சமிருந்த இடைவெளிகளையும் அது ஒவ்வொன்றாக மூடியது.