‘அது அப்படித்தான்’ என்றால் பிள்ளை விடாது

“நாள் முழுக்கக் கேள்வி கேட்டே உயிரை எடுக்கிறான் டாக்டர், ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டு வரும் பெற்றோர் அதிகம். பிள்ளைக்குப் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும். பேச்சும் யோசனையும் நன்றாகத்தான் வளர்கிறது, கவலை வேண்டாம் என்று சொன்னால், “சரி டாக்டர், எப்படி நிறுத்துவது?” என்பார்கள்.

நிறுத்த வேண்டாம். கொஞ்சம் குறையும், அதற்கு நம் பதில் மாற வேண்டும். ஃப்ரேசியர், கெல்மன், வெல்மன் என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் சின்னப் பிள்ளைகள் பதிலுக்குப் பிறகு என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். காரணம் கிடைத்தால் சரி என்று ஏற்றுக்கொள்கிறார்கள், அல்லது அதிலிருந்தே அடுத்ததைக் கேட்கிறார்கள். காரணமில்லாத பதில் வந்தால் முதல் கேள்வியையே மறுபடி கேட்கிறார்கள், இல்லாவிட்டால் தாங்களே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆக, பத்துக் கேள்வி என்று நாம் அலுத்துக்கொள்வதில் பாதி, பதில் கிடைக்காத ஒரே கேள்வியாக இருக்கலாம்.

“நிலா ஏன் நம்ம கூடவே வருது?” என்று மகள் கேட்கிறாள். “அது அப்படித்தான், பேசாம வா” என்றால் அடுத்த தெருவில் மறுபடியும் கேட்பாள். “பக்கத்துல இருக்கிற மரம் டக்குனு பின்னாடி போயிடுது பார், நிலா ரொம்ப ரொம்ப தூரத்துல இருக்கு, அதனால நாம எவ்வளவு நடந்தாலும் அதே இடத்துல தெரியுது” என்றால் போதும். 3,84,000 கிலோமீட்டர் என்ற கணக்கெல்லாம் நான்கு வயதுக்கு வேண்டாம். மரத்தையும் நிலாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வருவாள்.

பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லலாம், ஆனால் அன்றைக்கே சேர்ந்து தேடிப் பார்த்துவிடுங்கள். “நீ என்ன நினைக்கிற?” என்று திருப்பிக் கேட்பது நல்ல பழக்கம்தான், அதையே ஒவ்வொரு முறையும் செய்தால் நாம் நழுவுகிறோம் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். வேலையாக இருந்தால் “அப்புறம்” என்று மொட்டையாகச் சொல்லாமல், குளித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.

இன்னொரு வகைக் கேள்வி இருக்கிறது, அதில் ஆர்வம் கிடையாது, பயம்தான். என் அறைக்குள் வந்ததும் அம்மா மடியில் ஒட்டிக்கொண்டு, காலை இழுத்து மடக்கிக்கொண்டு, “ஊசி போடுவீங்களா?” என்று ஐந்தாறு முறை கேட்கும் பிள்ளைக்கு விளக்கம் எவ்வளவு கொடுத்தாலும் பத்தாது. பயமா இருக்கா என்று கேட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, போடப்போவது உண்மையானால் ஆமாம், கொஞ்சம் வலிக்கும் என்று சொல்லிவிட வேண்டும். போடமாட்டாங்க என்று ஏமாற்றிக் கூட்டி வந்தால் அடுத்த முறை கேள்வி இரட்டிப்பாகும்.

பதிலுக்குக் காத்திராமல், யார் முகத்தையும் பார்க்காமல், ஒரே வாக்கியத்தை மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தால் ஒருமுறை காட்டுங்கள். அதேபோல நான்கு வயதாகியும் கேள்வியே கேட்காத பிள்ளையையும். “தொந்தரவே இல்லாத பிள்ளை” என்று வீட்டில் பெருமைப்பட்டுக்கொண்டு இருப்பார்கள், நாங்கள் காது சரியாகக் கேட்கிறதா என்ற பரிசோதனையில்தான் ஆரம்பிப்போம்.