ஆய்வகத்துக்குக் கருவி வாங்க: 2 லட்சம் முதல் 200 கோடி வரை விதிகள் எப்படி மாறியிருக்கின்றன?

முனைவர் பட்ட ஆய்வு மாணவருக்கு இளநிலை உதவித்தொகை 2 ஆண்டுகள், முதுநிலை உதவித்தொகை 3 ஆண்டுகள், ஆக மொத்தம் 5 ஆண்டுகள் கிடைக்கின்றன. அதில் ஓர் ஆண்டைக் கருவி வாங்கும் கோப்பு விழுங்கிவிட்டால், அந்த ஆண்டு மாணவரின் கணக்கில்தான் கழிகிறது. கோப்பு எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்பது பல சமயங்களில் அவருக்கே தெரிவதில்லை. பேராசிரியருக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

மத்திய அரசின் பணத்தில் எதை வாங்கினாலும் 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் பொருந்தும். அலுவலக மேசைக்கும் மரபணு வரிசை காணும் கருவிக்கும் நெடுங்காலம் ஏறக்குறைய ஒரே அளவுகோல்தான் இருந்தது. அறிவியலாளர்கள் இதை விடாமல் எடுத்துச் சொன்னதன் பயனாக, ஆய்வுக்கென்று தனி வரம்புகள் வந்தன. 2025 ஜூன் மாதம் அந்த வரம்புகளை மத்திய அரசு மேலும் உயர்த்தியது. இன்றைய நிலை இதுதான்.

ஆய்வுக்கான அறிவியல் கருவியையோ, சோதனையில் பயன்படுத்தித் தீர்ந்துபோகும் நுகர்பொருளையோ 2 லட்சம் ரூபாய் வரை விலைப்புள்ளி கேட்காமலேயே வாங்கலாம். முன்பு இந்த வரம்பு 1 லட்சம். 2 லட்சத்துக்கு மேல் 25 லட்சம் வரை மூவர் கொண்ட கொள்முதல் குழு சந்தையை விசாரித்து வாங்கலாம். முன்பு இது 10 லட்சத்தோடு நின்றது. அதற்கு மேல் 1 கோடி வரை, தேர்ந்தெடுத்த நிறுவனங்களுக்கு மட்டும் அழைப்பு அனுப்பும் வரையறுக்கப்பட்ட டெண்டர் போதும். 1 கோடியைத் தாண்டினால்தான் விளம்பரம் செய்து டெண்டர் விட வேண்டும். முன்பு அந்தக் கோடு 50 லட்சத்தில் இருந்தது.

யாருக்கு இது பொருந்தும்? அறிவியல் தொழில்நுட்பத் துறை, உயிரித் தொழில்நுட்பத் துறை, அணுசக்தி, விண்வெளி, புவி அறிவியல், வேளாண் ஆராய்ச்சி, மருத்துவ ஆராய்ச்சி, பாதுகாப்பு ஆராய்ச்சி போன்ற துறைகளின் நிறுவனங்களுக்கும், ஆராய்ச்சி நடக்கும் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும். மாநிலப் பல்கலைக்கழகங்களும் அரசுக் கல்லூரிகளும் இங்கே கவனமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அவற்றின் சொந்தக் கொள்முதலை 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டு விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. மத்திய நிதியில் நடக்கும் திட்டமாக இருந்தால், ஒப்புதல் ஆணையில் எந்த விதியைப் பின்பற்றச் சொல்லியிருக்கிறது என்பதை முதலில் படியுங்கள். அந்த ஒரு வரியைப் படிக்காமல் கோப்பைத் தொடங்கி, ஆறு மாதம் கழித்துத் தணிக்கையில் மாட்டிக்கொண்டவர்களை நான் அறிவேன்.

2 லட்சம் வரை விலைப்புள்ளி வேண்டாம் என்றால் பொறுப்பும் வேண்டாம் என்று பொருளில்லை. வாங்குபவர் ஒரு சான்றில் கையெழுத்திட வேண்டும். பொருள் தேவையான தரத்திலும் விவரக்குறிப்பின்படியும் இருக்கிறது, நம்பகமான விற்பனையாளரிடம் நியாயமான விலைக்கு வாங்கப்பட்டது, இதில் எனக்குத் தனிப்பட்ட முறையில் மனநிறைவு உண்டு என்பது அதன் சாரம். கொள்முதல் குழுவின் சான்று இன்னும் அழுத்தமானது. மூவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பேற்கிறார்கள். நீங்கள் குழுவில் மூன்றாவது ஆளாகப் பெயருக்கு உட்கார்ந்திருந்தாலும் விலை பற்றிய கேள்வி உங்களையும் தேடி வரும். ஆகவே சந்தை விசாரித்ததற்கான தடயத்தைக் கோப்பில் வையுங்கள். வேறு இரண்டு நிறுவனங்களின் விலைப்பட்டியல், அண்மையில் இன்னொரு நிறுவனம் இதே கருவியை வாங்கிய ஆணையின் நகல், இவை போதும்.

வரம்பு உயர்ந்தாலும் தேவையைத் துண்டுபோடக் கூடாது என்ற விதி அப்படியே இருக்கிறது. உயர் அதிகாரியின் ஒப்புதலைத் தவிர்ப்பதற்காக ஒரே தேவையைப் பல சிறு ஆணைகளாகப் பிரிப்பதை 157ஆம் விதி தடுக்கிறது. மார்ச் மாதத்தில் ஒரே விற்பனையாளருக்கு 1 லட்சத்து 95 ஆயிரம் ரூபாய்க்கு நான்கு ஆணைகள் அடுத்தடுத்த நாட்களில் போயிருந்தால், தணிக்கையாளர் கேட்கத்தான் செய்வார், அவர் கேட்பதும் சரிதான். பிப்பெட் முனைகள், கையுறைகள், வளர்ப்புத் தட்டுகள் போன்ற ஆண்டு முழுதும் தேவைப்படும் பொருள்களுக்கு ஏப்ரலிலேயே மொத்தத் தேவையைக் கணக்கிட்டு ஆண்டு விலை ஒப்பந்தம் போட்டுவிடுவது நல்லது. விலையும் குறையும், மாணவர் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கோப்பைச் சுமந்து திரியவும் வேண்டியதில்லை.

விதிகளைவிட அதிகமாகக் கொள்முதலைத் தாமதப்படுத்துவது எது என்று என்னைக் கேட்டால், விவரக்குறிப்பு என்றுதான் சொல்வேன். மைனஸ் 80 டிகிரி உறைகலனை எடுத்துக்கொள்வோம். 'உயர்தரம், பெரிய கொள்ளளவு, எச்சரிக்கை வசதியுடன்' என்று எழுதினால் எவரும் எதையும் கொண்டுவந்து நிறுத்தலாம், நீங்கள் மறுக்க முடியாது. மாறாக, ஒரு நிறுவனத்தின் விளம்பரத் தாளைப் பார்த்து அகலம் இத்தனை மில்லிமீட்டர் என்று அச்சு மாறாமல் எழுதினால், மற்ற நிறுவனங்கள் ஆட்சேபம் எழுப்பும், டெண்டரே ரத்தாகலாம். எழுத வேண்டியது உங்கள் தேவையை. அறையின் வெப்பம் கோடையில் எவ்வளவு உயரும், அந்த வெப்பத்திலும் உள்ளே மைனஸ் 80 நிற்க வேண்டுமா, மின்சாரம் போனால் மைனஸ் 50 வரை ஏறக் குறைந்தது எத்தனை மணி நேரம் ஆக வேண்டும், எத்தனை மாதிரிப் பெட்டிகள் அடங்க வேண்டும், உத்தரவாதக் காலம் முடிந்தபின் பராமரிப்புக்கு ஆண்டுக்கு எவ்வளவு. இவற்றை எழுதினால் போட்டியும் இருக்கும், கருவியும் உழைக்கும்.

கூடவே கதவின் அகலத்தை அளந்து எழுதுங்கள். நான் பணியாற்றிய ஓர் ஆய்வகத்தில், எட்டு மாதம் காத்திருந்து வந்த உறைகலன் வாசல் நிலையில் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு விரற்கடை இடம் போதவில்லை. நிலையைப் பெயர்க்கக் கட்டடப் பிரிவின் அனுமதி கேட்டுத் தனிக் கோப்பு போனது. கருவி பதினேழு நாட்கள் நடைபாதையில் பெட்டியோடு நின்றது.

ஒரே நிறுவனம் மட்டுமே தயாரிக்கும் கருவி என்றால் 166ஆம் விதியின்படி, அந்த நிறுவனத்திடம் மட்டும் விலை கேட்கும் ஒற்றை டெண்டர் உண்டு. ஏற்கெனவே உள்ள கருவிக்குப் பொருந்தும் உதிரிபாகம், அவசரத் தேவை ஆகியவற்றுக்கும் இதே வழி. இதற்குத் தனியுரிமைப் பொருள் சான்று வேண்டும். வேறு எந்தத் தயாரிப்பும் ஏன் ஏற்கத்தக்கதல்ல என்பதைக் காரணத்தோடு எழுத வேண்டும். விற்பனையாளர் எழுதிக் கொடுத்ததை ஒட்டிவைப்பது காரணமாகாது. 'இந்த ஆய்வுக்கு இந்தத் துல்லியம் வேண்டும், மற்ற மாதிரிகளின் துல்லியம் இவ்வளவுதான்' என்று இரண்டு வரி எழுதும் பேராசிரியரின் கோப்பு விரைவாக நகர்கிறது.

அடுத்து ஜெம் தளம். 2016இல் தொடங்கிய இந்த அரசு இணையச் சந்தையில் கிடைக்கும் பொருளை அங்கேயே வாங்க வேண்டும் என்பது பொது விதி. நாற்காலிக்கும் அச்சுப்பொறிக்கும் அது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட தூய்மை அளவுள்ள வேதிப்பொருளைத் தேடினால், அதே பெயரில் வேறு தரம் மலிவாக வந்து முன்னே நிற்கும். அதை வாங்கிச் செய்த சோதனை தோற்றால், தோற்றது கருதுகோளா, வேதிப்பொருளா என்றே தெரியாது. சிறப்பு ஆய்வுக் கருவிகளையும் பொருள்களையும் ஜெம் தளத்துக்கு வெளியே வாங்க முடிவெடுக்கும் அதிகாரம் இப்போது நிறுவன இயக்குநருக்கும் துணைவேந்தருக்கும் கிடைத்திருக்கிறது. இந்த மாற்றங்களிலேயே ஆய்வுக்கு அதிகம் உதவப்போவது இதுதான் என்பது என் கருத்து. இது ஆய்வுப் பொருளுக்கு மட்டும்தான். துறை அலுவலகத்துக்குக் கணினி வாங்க இதைக் காட்ட முடியாது.

பெரிய கருவிகளுக்கு வருவோம். 2020 மே மாதம், 200 கோடி ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு உலகளாவிய டெண்டர் கூடாது என்று பொது நிதி விதிகள் திருத்தப்பட்டன. உள்நாட்டு உற்பத்தியை வளர்ப்பது நோக்கம். உள்நாட்டு டெண்டரில், மதிப்பில் 50 சதவீதமாவது இங்கே உருவானால் முதல் வகுப்பு விற்பனையாளர், 20 சதவீதமாவது இருந்தால் இரண்டாம் வகுப்பு. அதற்கும் குறைந்தால் போட்டியிடவே முடியாது. நோக்கம் நல்லதே. ஆனால் உயர்திறன் எலெக்ட்ரான் நுண்ணோக்கியை உலகில் ஒரு சில நாடுகளில்தான் தயாரிக்கிறார்கள். அதை வாங்க டெல்லிவரை கோப்பு சென்று விலக்குப் பெற்றுத் திரும்ப வேண்டியிருந்தது. இப்போது 200 கோடி வரை உலகளாவிய டெண்டருக்கு இயக்குநரும் துணைவேந்தருமே ஒப்புதல் தரலாம். இந்தியாவோடு நிலவழி எல்லையைப் பகிரும் நாடுகளின் நிறுவனங்கள் முன்கூட்டியே அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்ற 2020 ஜூலை உத்தரவு இதனால் தளரவில்லை. வெளிநாட்டு விலைப்புள்ளிகளை எதிர்பார்க்கும் டெண்டருக்குக் குறைந்தது 4 வாரம் அவகாசம் தர வேண்டும் என்பதையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

வரிகளில்தான் ஏமாற்றம் அதிகம். அரசு நிதியில் இயங்கும் ஆய்வு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் அறிவியல் கருவிகளையும் நுகர்பொருள்களையும் இறக்குமதி செய்தால் அடிப்படைச் சுங்க வரி 5 சதவீதம் மட்டுமே. 1996 முதல் இருக்கும் சலுகை இது. இதற்கு அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சித் துறையில் நிறுவனம் பதிவு செய்திருக்க வேண்டும். பொருள் ஆய்வுக்கு மட்டுமே தேவை என்று நிறுவனத் தலைவர் சான்று தர வேண்டும். நிறுவிய நாளிலிருந்து 5 ஆண்டுகள் அதை விற்கவோ மாற்றித் தரவோ கூடாது.

இதில் பெயர்கள் எழுத்து மாறாமல் ஒத்துப்போக வேண்டும். ஒருமுறை எங்களுக்கு ஒரு சிறு குப்பி ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் காட்டும் பொருள், குளிர் காக்கும் உலர்பனியில் விமானம் ஏறி வந்தது. பதிவுச் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர், விலைப்பட்டியலில் துறையின் பெயர். அந்த ஒரு வேறுபாட்டுக்காகப் பெட்டி சரக்கு முனையத்தில் ஒன்பது நாட்கள் கிடந்தது. திறந்தபோது உலர்பனி துளியும் இல்லை, பெட்டியின் உட்சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. அந்தக் குப்பியை வைத்து ஓடிய சோதனைப் படலத்தில் ஒரு கோடுகூடத் தெரியவில்லை. ஆணை அனுப்பும் நாளிலேயே, பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரும் முகவரியும் அப்படியே விலைப்பட்டியலில் வர வேண்டும் என்று விற்பனையாளருக்கு எழுதிவிடுங்கள். பதிவு எப்போது காலாவதியாகிறது என்பதையும் அன்றே பாருங்கள்.

ஜி.எஸ்.டி.யில் இருந்த சலுகை போய்விட்டது. 2017 நவம்பர் முதல் ஆய்வு நிறுவனங்களுக்கு விற்கப்படும் அறிவியல் கருவிகளுக்கு 5 சதவீதம் மட்டுமே வசூலிக்கப்பட்டது. 2022 ஜூலை 18 முதல் அந்தச் சலுகை விலக்கப்பட்டு, பெரும்பாலான கருவிகளுக்கு 18 சதவீதம் ஆகிவிட்டது. பழைய சான்றிதழ்ப் படிவம் இன்னும் சில துறைகளில் கைமாறிக்கொண்டிருக்கிறது, அதற்கு இப்போது பயனில்லை. 40 லட்ச ரூபாய்க் கருவிக்கு முன்பு வரியோடு 42 லட்சம் ஆனது, இப்போது 47 லட்சத்து 20 ஆயிரம். திட்ட முன்மொழிவில் பழைய கணக்கை எழுதியவர்கள் அந்த 5 லட்சத்து 20 ஆயிரத்துக்காக நுகர்பொருள் தலைப்பிலிருந்து பணத்தை மாற்ற அனுமதி கேட்டு அலைகிறார்கள். ஆய்வை ஊக்குவிக்க அரசு ஒரு கையால் தரும் பணத்தில் ஒரு பங்கை மறுகையால் எடுப்பது சரியல்ல, இந்தச் சலுகையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

கேட்டால் மாறும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் ஆய்வக வேதிப்பொருள்களின் சுங்க வரி 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக உயர்ந்தது. அறிவியலாளர்கள் உடனே குரல் எழுப்பினார்கள். சில நாட்களிலேயே, சொந்த ஆய்வுப் பயன்பாட்டுக்கு இறக்குமதி செய்வோருக்குப் பழைய 10 சதவீதமே என்று அரசு திருத்தியது.

வாங்கவே வேண்டாத கருவிகளும் உண்டு. ஆண்டுக்கு இருபது மாதிரிகளுக்காக ஒரு கருவி வாங்கும் முன், 2020 ஜனவரியில் தொடங்கிய ஐ-ஸ்டெம் தளத்தில் தேடுங்கள். நாடெங்கும் உள்ள அரசு நிதிக் கருவிகளில் நேரம் முன்பதிவு செய்யலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ளது போன்ற நுட்பக் கருவி மையங்களும் வெளி மாணவர்களின் மாதிரிகளைக் கட்டணத்துக்குச் சோதித்துத் தருகின்றன.

கருவி வந்து நிறுவியதும் நிறுவல் அறிக்கையில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். உத்தரவாதம், சுங்கச் சலுகையின் 5 ஆண்டு நிபந்தனை இரண்டையும் அந்தத் தேதியை வைத்தே பார்ப்பார்கள். பிறகு இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். நிதியாண்டு முடிந்ததும் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். அது போகாமல் அடுத்த தவணை வராது. ஆகவே அதன் நகல் ஒன்றை மாணவரும் தன்னிடம் வைத்திருப்பது நல்லது.