மெஸ்: அறுவை மருத்துவர் கையில் ஒரு டச்சுச் சொல்

மாங்கா எனும் ஜப்பானியப் படக்கதைகளில் மருத்துவக் கதை படிப்பவர்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடம். தலைக்கு மேலே வட்ட விளக்கு, முகக்கவசத்துக்கு மேல் இரண்டு கண்கள், உறை மாட்டி நீட்டிய கை. பேச்சுக் குமிழில் ஒரே சொல்: ‘மெஸ்’. அடுத்த கட்டத்தில் உள்ளங்கையில் கத்தியின் பிடி வந்து அமர்ந்திருக்கும்.

எழுத்தில் அது ‘மெசு’. பேச்சில் கடைசி உகரம் வாய்க்குள்ளேயே கரைந்துவிடும். அறுவை மருத்துவர் பிடிக்கும் சிறு கத்திக்குத்தான் இந்தப் பெயர். நம் ஊர்ச் சாப்பாட்டு மெஸ்ஸுக்கும் இதற்கும் உறவில்லை.

சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே மெஸ் என்றால் எந்தக் கத்தியும்தான், ரொட்டி அறுப்பது உட்பட. 1641 முதல் இரு நூற்றாண்டுகளுக்கு மேல், ஐரோப்பியரில் டச்சுக்காரர்கள் மட்டுமே ஜப்பானில் வணிகம் செய்யலாம் என்றிருந்தது. அதுவும் நாகசாகியில் தேஜிமா என்ற சின்னஞ்சிறு செயற்கைத் தீவில். மேலை மருத்துவமும் அந்த வாசல் வழியாகவே நுழைந்தது. 1774இல் மருத்துவர் சுகிதா கெம்பாகுவும் நண்பர்களும் ஒரு டச்சு உடற்கூறு நூலை மொழிபெயர்த்து வெளியிட்டார்கள். நரம்புக்கு ‘ஷின்கெய்’ என்று அப்போது உருவாக்கிய சொல்தான் இன்றும் வழங்குகிறது. உடலுக்குள் இருப்பதற்குச் சொந்தச் சொல் கிடைத்தது. அதை அறுக்கும் கத்தியோ டச்சுப் பெயரிலேயே நிலைத்துவிட்டது. சமையல் கத்திக்கு அவர்களிடம் ‘ஹோச்சோ’ ஏற்கெனவே இருந்ததால், வந்த சொல் மருத்துவத்தோடு நின்றுகொண்டது.

பிறகு, 1868இல் தொடங்கிய மெய்ஜி பேரரசர் காலத்தில் ஜெர்மன் மருத்துவத்தைப் பின்பற்றினார்கள். நோயாளியின் குறிப்பேட்டுக்குக் ‘கருத்தே’ என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் ஜெர்மானியரின் ‘மெஸ்ஸர்’ வந்தும் மெஸ் அசையவில்லை.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ‘மெஸ் ஓ இரேரு’, அதாவது மெஸ்ஸை உள்ளே இறக்குவது என்றால், கெட்டுப்போன ஓர் அமைப்பைத் துணிந்து திருத்துவது. 2002 முதல் 2011 வரை வந்த ‘இரியூ’ மாங்கா முழுக்க இந்த இரு பொருளிலும்தான் நடக்கிறது. வீங்கிப்போன இதயத்தின் இடது கீழறைச் சுவரில் ஒரு துண்டை அறுத்தெடுத்து, மிச்சத்தைத் தைத்துச் சிறிதாக்கும் பதிஸ்தா அறுவைக்காக அறுவை மருத்துவர் அசாதா ரியூதாரோவை அழைத்து வருகிறார் மருத்துவர் கதோ அகிரா. அந்த வெற்றியால் பேராசிரியராகி, பல்கலைக்கழக மருத்துவமனையின் அதிகார அடுக்கையே மாற்ற வேண்டும் என்பது அவர் எண்ணம். ஒரே சொல் இதயத்துக்கும் நிர்வாகத்துக்கும் பொருந்துவதை நினைத்து நான் வியந்திருக்கிறேன்.

சரி, இந்த மாங்காவை மொழிபெயர்த்தால் மெஸ்ஸுக்குத் தமிழில் என்ன சொல்வது? ‘அறுவைக்கத்தி’ என்பதே என் தேர்வு. இலங்கையில் சத்திர சிகிச்சை என்பார்கள். சத்திரம் என்பது ஆயுதத்தைக் குறிக்கும் ‘சஸ்த்ர’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. ‘அறு’ நம் சொந்த வேர். ‘வாளால் அறுத்துச் சுடினும் மருத்துவன்பால் மாளாத காதல் நோயாளன்போல்’ என்கிறார் குலசேகராழ்வார். கத்தி, சூடு, மருத்துவன்மேல் வற்றாத நம்பிக்கை எல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கின்றன. பழந்தமிழில் அறுவை என்றால் அறுத்தெடுத்த துணி. சங்கப் புலவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் ஜவுளிக்காரர்.

ஆனால் பேச்சுக் குமிழுக்குள் ‘அறுவைக்கத்தி’ என்று போடாதீர்கள். நெஞ்சைத் திறக்க நிற்பவர் அவ்வளவு நீளமாகக் கேட்கமாட்டார். ‘கத்தி’ போதும், டச்சுக்காரர் சொன்னதும் அவ்வளவுதானே. ‘மெஸ் ஓ இரேரு’ என்ற மரபுத்தொடருக்குத்தான் யோசிக்க வேண்டும். ‘களையெடுப்பது’ பொருள் தரும், ஆனால் கதை வயலுக்குப் போய்விடும். ஊழல் புரையோடிவிட்டது என்று நாம் அன்றாடம் சொல்கிறோமே, அந்தப் புரை ஆறாத புண்ணின் உள்துளை. அதனால் ‘புரையோடிய இடத்தில் கத்தி வைப்பது’ என்றே நான் எழுதுவேன்.