அடுத்த சீசனுக்குக் கையில் எவ்வளவு மிச்சம்?

தோள், முழங்கை வலியோடு வருகிற விளையாட்டுக்காரர்களுக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட் நான். வேகப்பந்து வீசும் பையனைக் கூட்டி வரும் அப்பாக்களின் முதல் கேள்வி, "அடுத்த சீசனுக்கு ரெடியாகிடுவானா?" போன சீசனில் எவ்வளவு வீசினான் என்று திருப்பிக் கேட்டால் யாரிடமும் கணக்கு இருப்பதில்லை.

பேஸ்பாலில் அந்தக் கணக்கு பந்து பந்தாக உண்டு. அமெரிக்க மேஜர் லீக்கில் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள், ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ். (மூன்று பேர் அவுட்டானால் ஒரு இன்னிங்ஸ் முடிந்தது, நம் கிரிக்கெட் இன்னிங்ஸ் இல்லை.) ஆக, ஏறக்குறைய 1,450 இன்னிங்ஸை யாராவது வீசியாக வேண்டும். ஒரு பிட்சர் (பந்து வீசுபவர்) சீசனில் 200 இன்னிங்ஸ் வீசினாலே பெரிய விஷயம். அடுத்த வருடத்துக்கு அணியை எடைபோடுவது என்றால் முதலில் இந்தக் கூட்டல்தான்.

வாஷிங்டன் நேஷனல்ஸின் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் 2010இல் தன் முதல் ஆட்டத்திலேயே 14 பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) செய்த பிட்சர். அதே வருடம் முழங்கைத் தசைநார் கிழிந்து, டாமி ஜான் அறுவை சிகிச்சை (கிழிந்த நாருக்குப் பதிலாக வேறு நாரை வைப்பது). தேறி வந்தவருக்கு 2012இல் இத்தனை இன்னிங்ஸ்தான் வீசலாம் என்று நிர்வாகம் வரம்பு வைத்தது. இன்னொரு பிட்சரான ஜியோ கொன்சாலஸையும் முன்கூட்டியே வாங்கிப் போட்டது; அவர் 21 வெற்றி கொடுத்தார். செப்டம்பரில், 159 இன்னிங்ஸ் வீசியிருந்த ஸ்ட்ராஸ்பர்க்கை உட்காரவைத்தார்கள். 98 ஆட்டம் வென்ற அணி பிளேஆஃபில் (சீசன் முடிந்தபின் நடக்கும் நாக்அவுட் சுற்றில்) செயின்ட் லூயிஸிடம் தோற்றது. ஊரே திட்டியது.

வரம்பு வைத்தது சரி. செலவழித்த விதம்தான் எனக்கு ஒப்பவில்லை. அதே சிகிச்சை முடித்து வந்த கிரிஸ் மெட்லனை அட்லாண்டா அணி ஜூலைவரை ரிலீஃப் பிட்சராக (ஆட்டத்தின் நடுவில் இறங்குபவராக) சிறுகச் சிறுக வீசவிட்டு, அப்புறம்தான் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் ஸ்டார்ட்டராக்கியது. அந்த சீசன் கடைசிவரை அவர் கை தாங்கியது.

2019இல் ஸ்ட்ராஸ்பர்க் 209 இன்னிங்ஸ், பிளேஆஃபில் மேலும் 36 வீசினார். லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் சிறந்த வீரரும் அவர்தான். உடனே 7 வருடத்துக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம். அதற்குப்பின் அவர் ஆடியது எட்டே ஆட்டங்கள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே நரம்பு நசுங்கும் பிரச்சினை. அந்த ஒரு வருடச் சுமைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒப்பந்த மேஜையில் கோப்பை பேசிய அளவுக்குக் கை பேசியிருக்காது என்று தோன்றுகிறது.

என்னிடம் வரும் பையன்களும் வலியைச் சொல்வார்கள், விரல் மரத்துப்போவதைச் சொல்ல மாட்டார்கள். நான்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.