'நார்மல்' என்று வந்த எம்.ஆர்.ஐ.யில் வலிப்பின் ஊற்றுக்கண்ணைத் தேடுவது

மூளை எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை' என்று இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மாத்திரைக்கு அடங்காத வலிப்பு உள்ளவருக்கு அது நல்ல சேதியல்ல. வலிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்பது இன்னும் பிடிபடவில்லை என்றுதான் அதற்குப் பொருள். சிலருக்கு உண்மையிலேயே படத்தில் தெரியக்கூடியது எதுவும் இருக்காது. பலருக்கு இருக்கும், படம் எடுத்த விதத்தாலோ பார்த்த விதத்தாலோ தப்பிப் போயிருக்கும்.

பொருத்தமான இரண்டு மருந்துகளை உரிய அளவில், வேளை தவறாமல் சாப்பிட்டும் வலிப்பு நிற்காவிட்டால் அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று வலிப்புநோய்க்கான சர்வதேசக் கழகம் 2010-இல் வரையறுத்தது. வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்த வகை. ஏன் இரண்டோடு நிறுத்தினார்கள்? கிளாஸ்கோவிலிருந்து 2000-இல் வெளிவந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அதுவரை மருந்தே எடுக்காத 470 பேரில் 47 சதவீதத்தினருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இரண்டாவது அல்லது மூன்றாவது மருந்தில் நின்றது 14 சதவீதத்தினருக்கு. இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துக் கட்டுப்பட்டவர்கள் 3 சதவீதம்தான். ஐந்தாவது மருந்து, ஆறாவது மருந்து என்று வருடங்களை ஓட்டுவதற்கு இந்தக் கணக்கு இடம் தரவில்லை.

அந்த இடத்தில்தான் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு வருகிறது. டெல்லி எய்ம்ஸ் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 116 சிறுவர் சிறுமியர் இரு குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஓராண்டு முடிவில், அறுவை செய்த குழுவில் 77 சதவீதத்தினருக்கு வலிப்பே இல்லை. மருந்து மட்டும் தொடர்ந்த குழுவில் 7 சதவீதத்தினருக்கு. ஆனால் எதை வெட்டி எடுப்பது என்று தெரிந்தால்தானே கத்தியைத் தொட முடியும்? படத்தில் பழுது தெரிந்தவர்களுக்கு அறுவைக்குப் பின் வலிப்பு நிற்கும் வாய்ப்பு, தெரியாதவர்களைவிடத் தெளிவாகக் கூடுதல்.

அடிக்கடி கண்ணுக்குத் தப்பும் பழுது ஒன்று உண்டு. 1971-இல் லண்டனில் டேவிட் டெய்லரும் சகாக்களும் முதலில் விவரித்த அதன் பெயர் ஃபோக்கல் கார்டிகல் டிஸ்பிளேசியா, சுருக்கமாக எஃப்.சி.டி. கருவில் மூளை உருவாகும்போது நரம்பணுக்கள் உள்ளே பிறந்து வெளி விளிம்புக்கு நகர்ந்து, மூளையின் மேற்படலமான புறணியில் ஆறு அடுக்குகளாக அமரும். எஃப்.சி.டி.யில் ஓரிடத்தில் மட்டும் இந்த அடுக்கு குலைந்துவிடுகிறது. இரண்டாம் வகையில் அணுக்களே அளவுக்கு மீறிப் பெருத்துப்போய் இருக்கும். பலருக்கு, அணு வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் எம்டார் பாதையின் மரபணுக்களில் அந்தச் சிறு இடத்தில் மட்டும் நேர்ந்த பிறழ்வுதான் காரணம். தலைமுழுக்க அங்கு ஒன்று இங்கு ஒன்றாக இருப்பதில்லை. பலரிடம் ஒரு மடிப்பின் பள்ளத்து அடியில் சுண்டைக்காய் அளவில் ஒளிந்துகொண்டிருக்கும்.

படத்தில் அது விட்டுச்செல்லும் தடயங்கள் மெல்லியவை. புறணி அந்த இடத்தில் சற்றுத் தடித்திருக்கும். புறணியின் சாம்பல்பகுதியும் அதற்கடியில் உள்ள வெண்பகுதியும் சேரும் கோடு, ஈரத்தாளில் மை ஊறியதுபோல் மங்கியிருக்கும். ஃபிளேர் என்ற படவகையில் அந்த இடம் லேசாக வெளுத்திருக்கும். சிலரிடம் அந்த வெளுப்பு அடியிலிருந்து மூளையின் உள்ளறை நோக்கி வால்போல் குறுகிக்கொண்டே போகும். அந்த வால் தெரிந்துவிட்டால் இரண்டாம் வகை எஃப்.சி.டி. என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

இவ்வளவு இருந்தும் ஏன் தப்புகிறது? புறணியின் தடிமன் 2 முதல் 4 மி.மீ. வழக்கமான ஸ்கேனில் ஒவ்வொரு துண்டும் 5 மி.மீ. தடிமன், இரண்டு துண்டுகளுக்கு நடுவே எடுக்காமல் விட்ட இடைவெளி வேறு. பழுது அந்த இடைவெளியில் விழுந்தால் கதை முடிந்தது. துண்டுக்குள் விழுந்தாலும் பக்கத்துத் திசுவோடு கலந்து சராசரியாகிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. வாழைக்காயைச் சாய்த்துச் சீவினால் தோல் தடித்துத் தெரிவதுபோல, மடிப்பைச் சாய்வாக வெட்டும் துண்டில் நல்ல புறணியும் தடித்து, மங்கித் தெரியும். எது நிஜத் தடிப்பு, எது சாய்வால் வந்த தோற்றம் என்று பிரிக்க வேண்டுமானால் அதே இடத்தை வேறு கோணத்தில் பார்க்க வேண்டும். தடித்த துண்டுகளை வைத்துக்கொண்டு அது நடக்காது.

அதனால்தான் அதே சர்வதேசக் கழகம் 2019-இல் ஹார்னெஸ் என்ற படமெடுப்பு முறையைப் பரிந்துரைத்தது. முடிந்தவரை 3 டெஸ்லா காந்தவலிமையுள்ள இயந்திரம். மூன்று படவரிசைகள் மட்டுமே கட்டாயம். முதலாவது டி1 என்ற படவகை, முப்பரிமாணத்தில்: எல்லாப் பக்கமும் 1 மி.மீ., இடைவெளி இல்லை. இரண்டாவது அதே அளவில் முப்பரிமாண ஃபிளேர். இவை இரண்டும் கனசதுரத் துகள்களாகச் சேகரிக்கப்படுவதால் பிறகு எந்தக் கோணத்திலும் வெட்டிப் பார்க்கலாம். மூன்றாவது டி2 என்ற படவகை: நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் என்ற உட்பகுதியின் நீள அச்சுக்குச் செங்குத்தாக, 2 மி.மீ. தடிமனில், துண்டுக்குள் 0.4 மி.மீ. நுணுக்கத்தில். ஹிப்போகாம்பஸ் சுருங்கித் தழும்பேறியிருப்பது பெரியவர்களிடம் மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு ஒரு முக்கியக் காரணம். கோணம் தவறினால் அந்தச் சுருக்கம் தெரியாது. எல்லாம் சேர்ந்து அரை மணிக்குள் முடிந்துவிடும். கட்டி போன்ற சந்தேகம் இல்லையென்றால் கான்ட்ராஸ்ட் ஊசி பொதுவாகத் தேவையில்லை.

படமெடுக்கும்போது தலை லேசாக அசைந்தாலும் சாம்பல்-வெண் எல்லை மங்கிவிடும். நாம் தேடும் அடையாளமே அதுதான். அசைந்த படத்தை வைத்துக்கொண்டு திண்டாடுவதைவிட மறுபடி எடுப்பதே மேல். ஸ்கேனுக்குச் சற்று முன் நீண்ட வலிப்பு வந்திருந்தால் புறணி தற்காலிகமாக வீங்கி, இல்லாத பழுதைக் காட்டும். சில வாரம் கழித்துத் திரும்ப எடுத்தால் அது மறைந்திருக்கும். கைக்குழந்தைகள் விஷயம் தனி. வெண்பகுதியின் நரம்பிழைகளைச் சுற்றும் மயலின் உறை வளர்ந்துகொண்டிருப்பதால் ஆறு மாதம் முதல் இரண்டு வயதுவரை எல்லைக்கோடே சரியாகப் பிடிபடாது. அந்த வயதில் 'நார்மல்' என்று வந்த ஸ்கேனை இரண்டரை வயதுக்குப் பின் மறுபடி எடுக்காமல் விடக்கூடாது.

நல்ல படம் பாதி வேலைதான். ஜெர்மனியின் பான் நகரிலிருந்து 2002-இல் வந்த ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். சாதாரண ஸ்கேனை வலிப்பில் தனிப்பயிற்சி இல்லாதவர்கள் பார்த்தபோது பழுதுகளில் 39 சதவீதம் பிடிபட்டன. அதே வகை ஸ்கேனை நிபுணர்கள் பார்த்தபோது 50. வலிப்புக்கென்றே எடுத்த ஸ்கேனை நிபுணர்கள் பார்த்தபோது 91.

நிபுணர் என்ன கூடுதலாகச் செய்கிறார்? அவர் கையில் தகவல் இருக்கிறது. ஸ்கேன் சீட்டில் 'வலிப்பு' என்று ஒரே சொல் எழுதியிருந்தால் முழு மூளையையும் தேட வேண்டும். 'இடது கைவிரல்களில் மரமரப்பு, பிறகு அந்தக் கை உதறல், இ.இ.ஜி.யில் (மூளை மின்னலைப் பதிவில்) வலது மையப் பகுதி' என்று எழுதியிருந்தால் அவர் வலது மைய மடிப்புகளுக்கு நேராகப் போவார். டி1-ஐ ஒரு திரையிலும் ஃபிளேரை இன்னொரு திரையிலும் ஒன்றாக ஓட்டி, ஒவ்வொரு பள்ளத்தையும் மேலிருந்து அடிவரை பின்தொடர்ந்து, அதே பள்ளத்தை மறுபக்கத்தோடு ஒப்பிடுவார். பள்ளத்தின் அடியில் கோடு மங்கினால் மூன்று கோணங்களிலும் திருப்பிப் பார்ப்பார். மூன்றிலும் நிலைத்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆகவே மேல்சிகிச்சைக்குப் போகும் நோயாளிகள் ஃபிலிமை மட்டும் கொண்டுபோனால் பயனில்லை. சிடியில் உள்ள மூலப் படங்கள்தான் தேவை.

கண்ணால் தேடுவதற்குத் துணையாகக் கணினியும் வந்துவிட்டது. மெல்ட் என்ற பன்னாட்டுத் திட்டம் உருவாக்கிய மென்பொருள் புறணியை ஒரு விரிப்புபோல் பிரித்தெடுத்து, ஒவ்வொரு அரைக்கோளத்திலும் 1,63,842 புள்ளிகளில் தடிமன், எல்லையின் தெளிவு, பள்ளத்தின் ஆழம், ஃபிளேர் வெளுப்பு ஆகியவற்றை அளக்கிறது. பிறகு ஆரோக்கியமானவர்களின் அளவுகளோடும், அதே நபரின் மறுபக்கத்தோடும் ஒப்பிட்டு, விலகி நிற்கும் இடத்தைச் சுட்டுகிறது. 2025-இல் வெளியான அதன் புதிய வடிவம் 23 மையங்களின் 1,185 பேர் தரவில் உருவானது. பழைய வடிவம் சுட்டிய இடங்களில் 39 சதவீதமே உண்மையான பழுது. புதியதில் அது 67 சதவீதம். முன்பு கதிரியக்க மருத்துவர்களின் கண்ணுக்குத் தப்பிய பழுதுகளில் 64 சதவீதத்தை அது கண்டுபிடித்தது. மூன்றில் ஒரு சுட்டல் இன்னும் பொய் என்பதையும் இதிலேயே படிக்க வேண்டும். கணினி 'இங்கே பார்' என்றுதான் சொல்கிறது. 'இங்கே வெட்டு' என்று சொல்லவில்லை.

அப்போதும் தெரியாவிட்டால் மூளையின் வேலையைப் படம் பிடிக்க வேண்டும். பெட் ஸ்கேனில் கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸைச் செலுத்தினால், வலிப்பு இல்லாத நேரத்தில் பழுதான இடம் குறைவாக உறிஞ்சி மங்கித் தெரியும். மருந்து ஏறும் அந்த அரை மணியில் யாரும் கவனிக்காத சிறு வலிப்பு வந்தால் படம் தலைகீழாகிவிடும். அதனால் அப்போது இ.இ.ஜி. ஓடிக்கொண்டிருப்பது நல்லது. பெட் படத்தை எம்.ஆர்.ஐ. மேல் பொருத்திப் பார்த்தால், முன்பு கடந்துபோன பள்ளம் ஒன்று திடீரெனக் கண்ணில் படுவது உண்டு.

ஸ்பெக்ட் ஸ்கேன் இதற்கு எதிர்: வலிப்பு வரும்போதே ஊசி போட வேண்டும். டெக்னீசியம் கலந்த மருந்து நிறைந்த சிரிஞ்ச், கையில் ஏற்கெனவே போட்ட ஊசிக்குழாயோடு தயாராக இருக்கும். வீடியோ இ.இ.ஜி. அறையில் செவிலியர் படுக்கையருகே காத்திருப்பார். வலிப்பு தொடங்கிய அரை நிமிடத்துக்குள் மருந்து உள்ளே போக வேண்டும். ரத்தம் அதிகம் பாயும் இடத்தில் அது ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நகராது. வலிப்பு அடங்கிய பின் நிதானமாகப் படமெடுக்கலாம். ஊசி ஒரு நிமிடம் தாமதித்தால் வலிப்பு பரவிச் சென்ற இடம்தான் ஒளிரும், தொடங்கிய இடம் அல்ல.

நம் நாட்டில் இன்னொரு எச்சரிக்கை வேண்டும். நாடாப்புழுக் கட்டி ஆறிச் சுண்ணாம்பான புள்ளி பலர் மூளையில் கிடக்கும். அது கண்ணில் பட்டதும் தேடலை நிறுத்தக்கூடாது. வலிப்பின் தன்மையும் இ.இ.ஜி.யும் வேறு இடத்தைக் காட்டினால், அந்தப் புள்ளி வெறும் பழைய தடமாக இருக்கலாம். ஹிப்போகாம்பஸ் கூடவே பழுதாகியிருக்கலாம்.

படங்களும் இ.இ.ஜி.யும் ஒத்துப்போகாதபோது, மண்டையோட்டில் சிறு துளைகள் வழியே 0.8 மி.மீ. தடிமனுள்ள மின்முனைக் கம்பிகளைச் சந்தேகத்துக்குரிய பள்ளங்களுக்குள் இறக்குகிறார்கள். ஒவ்வொரு கம்பியிலும் 2 மி.மீ. நீளத் தொடுபுள்ளிகள் வரிசையாக இருக்கும். இரண்டாம் வகை எஃப்.சி.டி.க்குள் விழுந்த தொடுபுள்ளி, வலிப்பே இல்லாத நேரத்திலும் சீராக, இடைவிடாமல் மின்பொறிகளைப் பதிந்துகொண்டிருக்கும், ஒரு செ.மீ. தள்ளி உள்ளது அமைதியாக இருக்கும். பழுது மிகச் சிறியதாக இருந்தால், கண்டுபிடித்த அதே கம்பி வழியே மின்சூடு செலுத்தி அந்த இடத்தைச் சுட்டுவிடவும் முடிகிறது.