ஆர்க்கிடெக்ட்: பெருந்தச்சன் முதல் கட்டடக்கலைஞர் வரை

வேலூரில் வீடு கட்டிக் குடியேறியவர்களிடம் 'பிளான் யார் போட்டது?' என்று கேட்டால், 'இன்ஜினியர்தான்' என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். ஆர்க்கிடெக்டின் வேலையை இன்ஜினியரின் பெயரில் சொல்லும் இந்தச் சொற்கலப்பால் தனி வீட்டளவில் பெரிய கேடு ஒன்றுமில்லை. பொதுப் பணத்தில் கட்டும்போதுதான் அது வினையாகிறது. சில ஆண்டுகளுக்கு முன் வட ஆர்க்காட்டுப் பகுதியின் சிற்றூர் ஒன்றில், அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தேன்: 'கட்டட வரைபடம் தயாரிக்கத் தகுதியுள்ள கட்டுமான நிறுவனங்களிடமிருந்து ஒப்பந்தப்புள்ளிகள் வரவேற்கப்படுகின்றன.' வரைபடம், கட்டுமான நிறுவனம், ஒப்பந்தப்புள்ளி என ஒரே வாக்கியத்தில் மூன்று சொற்கள் இடம் மாறி அமர்ந்திருந்தன.

ஆர்க்கிடெக்ட் என்பது கிரேக்கத்திலிருந்து இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். 'ஆர்க்கி' என்றால் தலைமை. 'தெக்தோன்' என்றால் தச்சர் அல்லது கட்டுநர். சமஸ்கிருதத்தின் 'தக்ஷன்' இந்தத் 'தெக்தோ'னுக்கு உறவுச் சொல். தமிழின் 'தச்சன்' அதிலிருந்து வந்ததா, 'தைத்தல்' என்னும் வினையிலிருந்து பிறந்ததா என்பதில் இரு கட்சிகள் உண்டு. அவ்வழக்குக்குள் இங்கே புக வேண்டியதில்லை. தலைமைத் தச்சர் என்ற பொருளுக்கு நேர் சொல் தமிழில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வழங்கியது என்பதே நமக்கு வேண்டியது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வரும் குஞ்சரமல்லன் 'இராசராசப் பெருந்தச்சன்' என்றே குறிக்கப்படுகிறார்.

அதற்கும் முந்தைய சான்று நெடுநல்வாடையில் இருக்கிறது. 'நூலறி புலவர் நுண்ணிதின் கயிறிட்டு', அதாவது மனைநூல் கற்றவர்கள் நுட்பமாகக் கயிறு பிடித்து, அரண்மனைக்கு இடம் வகுத்ததை அப்பாட்டு சொல்கிறது. கயிறு பிடிப்பதற்கு முன்னரே அவர்கள் இரண்டு கோல்களை நட்டு, நண்பகலில் நிழல் எப்பக்கமும் சாயாத வேளையைப் பார்த்துத் திசையைக் குறித்துக்கொண்டார்கள். 'மனை வகுத்து' என்ற தொடரில் உள்ள வகுத்தல் என்னும் வினை, கல்லும் சுண்ணாம்பும் வருவதற்கு முன் நடக்கும் இந்தச் சிந்தனை வேலை முழுவதையும் தாங்கி நிற்கிறது. வரைபடம் அதன் கடைசித் தாள் மட்டுமே.

'ஸ்தபதி' என்ற வடசொல்லும் நமக்குத் தெரிந்ததே. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தில், முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைத் தூண்களை அண்ணாந்து பார்க்கும் எவரும் அதைச் செய்தவரை ஸ்தபதி என்றே சொல்வார்கள். ஆனால் அச்சொல் இன்று கோயிலோடு நின்றுவிட்டது. தச்சர் என்றால் மரவேலை ஆசாரி மட்டுமே நினைவுக்கு வருவார் என்பதால் பெருந்தச்சனையும் திரும்ப அழைக்க இயலாது. 'வடிவமைப்பாளர்' மிக அகன்ற சொல். ஆடைக்கும் அவரே, அழைப்பிதழுக்கும் அவரே. இலங்கைத் தமிழரும் எழுதிவரும் 'கட்டடக்கலைஞர்' என்பதே என் தெரிவு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக்கலை மன்றத்தில் பதிவு பெற்றவரே ஆர்க்கிடெக்ட் என்ற பெயரைச் சூடலாம் என்பதால், அதற்கு வரையறுத்த ஒரு சொல் நமக்குத் தேவை. அவருடைய நிறுவனம் 'கட்டடக்கலை நிறுவனம்'. 'கட்டுமான நிறுவனம்' என்று எழுதினால் சிமென்ட் கலவை போடும் ஒப்பந்ததாரர்தான் வந்து நிற்பார்.

இனி ஒப்பந்தப்புள்ளி. 'டெண்டர்' என்பதற்கு நீட்டுதல் என்ற பொருளுடைய இலத்தீன் வேரே மூலம். தொகையை எழுதி நீட்டுவது. விலைப்புள்ளி என்பதைப் போலவே இங்கும் புள்ளி என்பது கணக்கிட்ட தொகை. குறைந்த புள்ளிக்கு வேலை என்னும் முறை மணலுக்கும் கம்பிக்கும் பொருந்தும். கட்டடக்கலைஞரை அப்படித் தேர்ந்தால், பெருந்தச்சன் அமர வேண்டிய நாற்காலியில் சிறுபுள்ளிதான் அமரும்.

புள்ளியை விட்டால் வேறு எப்படித் தேர்வது என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம்; அதற்கு முன் அங்குள்ள பொதுக் கட்டடப் பெயர் ஒன்று. அமெரிக்காவின் பல ஊர்களில் காவலையும் தீயணைப்பையும் நகராட்சியே நடத்துவதால், இரண்டையும் ஒரே கட்டடத்தில் வைத்து அதைப் 'பப்ளிக் சேஃப்டி பில்டிங்' என்கிறார்கள். தமிழ்நாட்டில் இவ்விரண்டும் மாநில அரசின் தனித்தனித் துறைகள் என்பதால் அந்தப் பெயர் இங்கே வழக்கில் இல்லை. சொல் வேண்டுமானால் 'பொதுப் பாதுகாப்புக் கட்டடம்' எனலாம். சோழர் கல்வெட்டுகளில் ஊர்க்காவலைக் குறித்த 'பாடிகாவல்' என் காதுக்கு இனிமையாக இருந்தாலும், தீயணைப்பு அதற்குள் அடங்காது. இனி தேர்வு முறை. அமெரிக்காவில் கூட்டரசுப் பணிகளுக்குக் கட்டடக்கலைஞரைத் தேர, 1972இல் வந்த புரூக்ஸ் சட்டப்படி, முதலில் தகுதியை மட்டும் பார்த்துக் குறைந்தது மூன்று நிறுவனங்களை வரிசைப்படுத்துவார்கள். முதலிடம் பெற்றதோடு கட்டணம் பேசுவார்கள். பேச்சு முறிந்தால்தான் அடுத்ததிடம் போவார்கள்.

நம் நாட்டில், மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் ஆலோசனைப் பணிகளில் தரத்தையும் விலையையும் சேர்த்து மதிப்பிட இடம் தருகின்றன. தரத்துக்கான பங்கு 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தரத்துக்கு 70, விலைக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். மிகக் குறைந்த விலைக்கு முழு 30 கிடைக்கும்; கூடிய விலைக்கு அந்த விகிதத்தில் குறையும். ஒரு நிறுவனம் தரத்தில் 90 பெற்று 20 லட்சம் கேட்கிறது; இன்னொன்று 70 பெற்று 15 லட்சம் கேட்கிறது. முதலாவதற்கு 63உம் 22.5உம் சேர்ந்து 85.5, இரண்டாவதற்கு 49உம் 30உம் சேர்ந்து 79. வெறும் புள்ளியைப் பார்த்திருந்தால் இரண்டாவதே வென்றிருக்கும். தீயணைப்பு நிலையம் நிலநடுக்கத்திலும் நிற்க வேண்டும் என்பதற்காக நிலநடுக்கம் தாங்கும் கட்டடங்களுக்கான இந்தியத் தர நெறியான ஐ.எஸ். 1893இன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு அதற்கு 1.5 என்ற முக்கியத்துவக் காரணியை, அதாவது கணக்கிடும் நிலநடுக்க விசையை ஒன்றரை மடங்காக்கும் பெருக்கெண்ணை, விதிக்கிறது. அத்தகைய கட்டடத்தை வகுப்பவரிடம் 5 லட்சம் மிச்சம் பிடிப்பது எனக்குச் சிக்கனமாகத் தோன்றவில்லை.

ஆகவே அந்தப் பலகையில் இப்படி எழுதியிருக்கலாம்: 'கட்டட வடிவமைப்புக்கு, பதிவு பெற்ற கட்டடக்கலை நிறுவனங்களிடமிருந்து, தகுதி விவரமும் கட்டணமும் தனித்தனி உறைகளில் அடங்கிய முன்மொழிவுகள் வரவேற்கப்படுகின்றன.'